ஆயில் குடிக்கிற பழைய சின்ன கார்: ஊத்தி ஊத்தி ஓட்டலாமா, ஹெட்டை இறக்கலாமா, முழுசா பிரிக்கலாமா, இன்ஜினையே மாத்தலாமா?

போன மாசம் மட்டும் மூணு பேர் என்கிட்ட ஒரே கேள்விய கேட்டாங்க. மூணு பேர்கிட்டயும் பழைய சின்ன பெட்ரோல் கார்தான், ஒரு லட்சம் கிலோமீட்டர எப்பவோ தாண்டினது, மூணுமே ஆயில் குடிக்குது, காலைல ஸ்டார்ட் பண்ணா பின்னாடி நீலமா புகை வருது. ஒரு மெக்கானிக் "இன்ஜின் முடிஞ்சிருச்சு, இறக்கியே ஆகணும்"ங்கிறார், இன்னொருத்தர் "கெட்டி ஆயிலா ஊத்தி ஓட்டுங்க, இன்னும் ரெண்டு வருஷம் போகும்"ங்கிறார், மூணாவது ஆள் "எதுக்கு வம்பு, நல்ல பழைய இன்ஜின் ஒன்னு கிடக்கு, தூக்கி வச்சிரலாம்"ங்கிறார். இதுல யார் பேச்ச கேக்குறதுன்னு தெரியாம மூணு பேரும் வண்டிய அப்படியே ஓட்டிட்டு இருக்காங்க, ஆயில் பாட்டில டிக்கில வச்சுக்கிட்டு.

அந்த மூணு மெக்கானிக் சொன்னதும் ஏதோ ஒரு காருக்கு சரியாத்தான் இருக்கும். உங்க காருக்கு எது சரிங்கிறத புகையோட கலர மட்டும் பாத்து யாராலயும் சொல்ல முடியாது. அளந்து பாத்தாத்தான் தெரியும், அளக்குறதுக்கு ஆகுற செலவு மத்த எல்லாத்தையும் விட ரொம்ப கம்மி. இருந்தும் பத்துல ஒன்பது பேர் அத பண்றதே இல்ல, நேரா ஸ்பானர எடுத்துடுறாங்க. அதனால அளக்குறதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எத வச்சு முடிவு பண்றது

முதல் விஷயம், எவ்ளோ குடிக்குதுன்னு நம்பர் வேணும். "நிறைய குடிக்குது"ன்னா அது நம்பர் இல்ல. சமமான தரைல வண்டிய நிறுத்தி, காலைல இன்ஜின் ஆறி இருக்கும்போது டிப்ஸ்டிக்கோட (ஆயில் அளவு பாக்குற கம்பி) மேல் கோடு வரைக்கும் சரியா ஆயில் ஊத்திக்கோங்க, கிலோமீட்டர குறிச்சு வைங்க. 1000 கிலோமீட்டர் ஓடினதும் அதே எடத்துல அதே மாதிரி நிறுத்தி, திரும்ப மேல் கோட்டுக்கு கொண்டு வர எத்தன மில்லி ஆகுதுன்னு அளவு கப்புல பாருங்க. நடுவுல 500ல ஒரு தடவ கோடு எங்க இருக்குன்னு எட்டிப் பாத்துக்கணும், கீழ் கோட்டுக்குக் கீழ எறங்க விடக்கூடாது. 1000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரைக்கும் போனாலும் நார்மல்தான்னு சொல்ற கம்பெனிங்க நிறைய உண்டு. ஆனா சின்ன இன்ஜின்ல மொத்தமே 3 லிட்டர் பக்கம்தான் ஆயில் நிக்கும், அதுல 1 லிட்டர் போச்சுன்னா மூணுல ஒரு பங்கு போயிருச்சுன்னு அர்த்தம். மிச்சம் இருக்கிற ஆயில்தான் மொத்த சூட்டையும் அழுக்கையும் சுமக்கணும். பெரிய இன்ஜினுக்கு சொல்ற கணக்க அப்படியே 800 சிசி, 1000 சிசி இன்ஜினுக்கு போட்டுப் பாக்காதீங்க.

இதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஆயில் எரியுதா இல்ல ஒழுகுதான்னு பாருங்க. ராத்திரி வண்டிக்கு அடில ஒரு பழைய அட்டைய விரிச்சு வச்சா காலைல தெரிஞ்சிரும். டாப்பெட் கவர் கேஸ்கட், கேம் சீல், கிராங்க் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், இதுல எங்க கசிஞ்சாலும் டிப்ஸ்டிக்ல ஒரே மாதிரிதான் கொறையும். அதுக்கப்புறம் பிசிவி வால்வ், அதாவது இன்ஜினுக்கு அடில சேர்ற வாயுவ இன்டேக் (காத்து உள்ள போற வழி) பக்கம் திருப்பி விடுற சின்ன வால்வ். கையில எடுத்து ஆட்டினா பெரும்பாலான மாடல்ல உள்ள கடகடன்னு சத்தம் வரணும், வரலன்னா அடைச்சுக் கெடக்கு. அது அடைச்சா கிராங்க் கேஸ்ல (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டான கிராங்க் இருக்கிற கீழ் அறை) பிரஷர் கூடி ஆயில் சீல் வழியா வெளிய தள்ளும், திறந்தபடியே மாட்டிக்கிட்டா இன்டேக் பக்கம் ஆயில உறிஞ்சும். விரல் அளவு சாமான் அது. இத மாத்தாமலே ஹெட்ட, அதாவது வால்வுங்க இருக்கிற இன்ஜினோட மேல் பாகத்த, இறக்கினவங்கள நான் பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

ரெண்டாவது, கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேல வரும்போது சிலிண்டருக்குள்ள எவ்ளோ அழுத்தம் நிக்குதுங்கிறது. எல்லா முடிவுக்கும் இதுதான் ஆணிவேர். இன்ஜின் நல்லா சூடாகி இருக்கணும், எல்லா பிளக்கும் கழட்டி இருக்கணும், பெட்ரோலும் கரண்டும் கட் பண்ணி இருக்கணும், ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் மாட்டி நாலஞ்சு சுத்து சுத்த விடணும். நல்ல பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 150ல இருந்து 190 பிஎஸ்ஐக்குள்ள காட்டும், உங்க மாடலுக்கு சரியான நம்பர் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 10, 15 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது.

நம்பர் கம்மியா இருந்தா பிளக் ஓட்டை வழியா ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் உள்ள விட்டு மறுபடி அளங்க. விட்ட ஆயில், பிஸ்டன சுத்தி இருக்கிற வளையமான ரிங்க ஒட்டி இடுக்க அடைச்சுக்கும், அதனால நம்பர் ஏறுச்சுன்னா ரிங்கோ சிலிண்டரோ தேஞ்சிருக்கு. ஏறவே இல்லன்னா வால்வ் (காத்தும் புகையும் போய் வர திறந்து மூடுற கதவு) சரியா மூடல, இல்ல ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல அடைக்கிற தகடு) போயிருக்கு. உதாரணத்துக்கு மூணு சிலிண்டர்ல 165, 160, 95 வந்து, ஆயில் விட்ட பிறகும் அந்த மூணாவது 98லயே நின்னா அது வால்வ் கதை. 105, 110, 100 வந்து ஆயில் விட்டதும் 145, 150ன்னு தாவினா அது கீழ்ப் பக்க கதை, அதாவது ரிங், சிலிண்டர். இந்த ரெண்டு காரும் வெளிய இருந்து பாத்தா ஒரே மாதிரிதான் இழுவை இல்லாம இருக்கும், ஆனா செய்ய வேண்டிய வேலை ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்ல.

லீக் டவுன் டெஸ்ட் பண்ணத் தெரிஞ்ச ஆள் கிடைச்சா இன்னும் நல்லது. பிஸ்டன் மேல இருக்கும்போது சிலிண்டருக்குள்ள காத்து ஏத்தி எங்க உஸ்ஸுனு வருதுன்னு காது வச்சுக் கேப்பாங்க. ஆயில் மூடி வழியா வந்தா ரிங், சைலன்ஸர் வழியா வந்தா எக்ஸாஸ்ட் வால்வ், ஏர் ஃபில்டர் பக்கம் வந்தா இன்டேக் வால்வ், ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கட்.

புகைய வச்சும் கொஞ்சம் யூகிக்கலாம். ராத்திரி பூரா நின்ன வண்டி காலைல ஒரு குபுக் நீலமா விட்டுட்டு அப்புறம் அடங்கிட்டா பெரும்பாலும் வால்வ் சீல் (வால்வ் தண்டு வழியா ஆயில் எறங்காம தடுக்கிற ரப்பர்), ராத்திரி பூரா ஆயில் மெதுவா கீழ எறங்கி உக்காந்திருக்கும். இறக்கத்துல கால எடுத்து வந்துட்டு திரும்ப மிதிக்கும்போது வந்தாலும் வால்வ் சீல், இல்ல வால்வ் தண்டு ஏறி இறங்குற கைடு பக்கம்தான் சந்தேகம். மேட்டுல ஏறும்போது, லோடு இழுக்கும்போது விடாம வந்தா ரிங். வெள்ளையா இனிப்பு வாடையோட நிக்காம வந்தா அது ஆயில் இல்ல, கூலன்ட் எரியுது. கருப்பு புகைன்னா பெட்ரோல் அதிகமா போகுது, அதுக்கு இன்ஜின பிரிக்கவே வேண்டாம்.

மூணாவது, நீங்க வருஷத்துக்கு எவ்ளோ ஓட்டுறீங்க. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குடிக்கிற கார வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு ஒன்றரை லிட்டர்தான் செலவு. 15,000 ஓட்டுறவருக்கு ஏழரை லிட்டர், கூட பிளக், கூட சென்சார். ஒரே வியாதி, ஒரே இன்ஜின், ஆனா ரெண்டு பேருக்கும் பதில் வேற.

நாலாவது, இன்ஜினத் தவிர மத்த உடம்பு எப்படி இருக்கு. அடிப்பகுதில துரு பிடிச்சு சஸ்பென்ஷன் மாட்டுற எடமே இத்துப் போயிருந்தா இன்ஜின் எவ்ளோ நல்லா பண்ணினாலும் அந்தப் பணம் வீண்தான். கார லிஃப்ட்ல ஏத்தி அடில டார்ச் அடிச்சு பாருங்க, மெல்லிசா ஸ்க்ரூடிரைவரால தட்டிப் பாருங்க, அதுக்கப்புறம் இன்ஜின பத்தி பேசலாம்.

கடைசியா, உங்க மாடலுக்கு பார்ட்ஸ் கிடைக்குமா, சிலிண்டர், ஹெட் எல்லாம் கடைஞ்சு தர்ற நல்ல லேத் ஆள் இருக்காரா. இது இல்லன்னா கீழ சொல்ற மூணாவது வழிய மறந்துரலாம்.

வழி 1: ஊத்தி ஊத்தி ஓட்டுறது

இத நிறைய பேர் கேவலமா பாப்பாங்க, நான் அப்படிப் பாக்கல. கம்ப்ரஷன் எல்லா சிலிண்டர்லயும் சமமா, கொஞ்சம் கம்மியா இருக்கு, 1000க்கு 300, 400 மில்லிதான் போகுது, வண்டி ஊருக்குள்ள மட்டும்தான் ஓடுதுன்னா இதுதான் நல்ல முடிவு.

ஆனா இதுக்குன்னு ஒழுக்கம் ஒன்னு இருக்கு. வாரம் ஒரு தடவ, அதே நாள், காலைல முதல் வேலையா டிப்ஸ்டிக் பாக்கணும். இந்தப் பழக்கம் உங்களுக்கு வராதுன்னா இந்த வழியே வேண்டாம், ஏன்னா ஆயில் லைட் எரியும்போது ஏற்கனவே லேட்டு. அந்த லைட் ஆயில் அளவ காட்டுறது இல்ல, பிரஷர் விழுந்த பிறகுதான் எரியும், அதாவது பேரிங்குக்கு ஆயில் போகாம நின்ன பிறகு. ஒரு வாரம் மறந்து, நீளமா ஒரு ஹைவே பயணம் போனா முடிஞ்சது, மிச்சம் பிடிச்ச காசெல்லாம் கிராங்க்ல போயிரும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுன்னு பாத்தா பிளக். ஆயில் ஏறின பிளக்க கழட்டினா நுனி ஈரமா கன்னங்கரேல்னு இருக்கும், தொட்டா விரல்ல ஒட்டும், காஞ்ச கரி மாதிரி உதிராது. அந்த பிளக் மிஸ் அடிக்கும், மிஸ் அடிச்சா எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள (வெளிய போற புகைய சுத்தம் பண்ற பாகம்) போய் எரிஞ்சு அத சூடாக்கும், அதோட ஆயில் சாம்பல் உள்ள படிஞ்சு கன்வர்ட்டரையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் கொஞ்சம் கொஞ்சமா கெடுக்கும். கன்வர்ட்டர் விலை சில பழைய கார்ல ஹெட் வேலைய விட ஜாஸ்தி. புகை டெஸ்ட்ல ஃபெயில் ஆனா ஊத்தி ஓட்டுறதும் நடக்காது. பிஸ்டன் மேல கரி சேந்து மேட்டுல டக் டக்னு நாக்கிங் கேக்குறதும் உண்டு.

கெட்டி ஆயில் பத்தி ரெண்டு வார்த்த. 10டபிள்யூ-30 போட வேண்டிய எடத்துல 20டபிள்யூ-50 போட்டா பழைய எளிமையான இன்ஜின்ல குடிக்கிறது கொஞ்சம் கொறையும், உண்மைதான். ஆனா குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது கெட்டி ஆயில் மேல வரை போய்ச் சேர நேரம் எடுக்கும், அந்த நேரத்துலதான் தேய்மானம் ஜாஸ்தி. ஹைட்ராலிக் டாப்பெட்டோ வேரியபிள் வால்வ் டைமிங்கோ இருக்கிற இன்ஜினா இருந்தா மேனுவல்ல போட்டிருக்கிற எல்லைக்கு மேல போகாதீங்க, சின்ன சின்ன ஆயில் பாதைங்க அதுல நிறைய. இன்னொன்னு, தினம் புது ஆயில்தான ஊத்துறோம், எதுக்கு ஆயில் மாத்தணும்னு சிலர் கேப்பாங்க. ஊத்துறது வேற மாத்துறது வேற. பழைய அழுக்கு உள்ளயே நிக்குது, தேஞ்ச ரிங் வழியா எரிஞ்ச வாயு கீழ எறங்கி ஆயில சீக்கிரமா கெடுக்குது. இந்த மாதிரி இன்ஜினுக்கு இன்னும் சீக்கிரமா மாத்தணும், ஃபில்டரோட சேத்து.

வழி 2: ஹெட் வேலை மட்டும்

ஆயில் விட்டு அளந்தும் நம்பர் ஏறலன்னா, ஒரு சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தா, காலைல மட்டும் புகைன்னா, கூலன்ட் கொறையுதுன்னா இந்த வழி. வெறும் வால்வ் சீல்தான் பிரச்சனைன்னு உறுதியா தெரிஞ்சா சில இன்ஜின்ல ஹெட்ட கழட்டாமலே, பிளக் ஓட்டை வழியா காத்து பிரஷர் கொடுத்து வால்வ கீழ விழாம நிறுத்தி, ஸ்பிரிங்க எடுத்து சீல மாத்துறது உண்டு. பொறுமையான கை வேணும்.

முக்கியமான ஒன்னு: ஹெட்ட தொடுறதுக்கு முன்னாடி டாப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அத தள்ளுற பாகத்துக்கும் நடுவுல இருக்கிற சின்ன இடைவெளி, செக் பண்ணச் சொல்லுங்க. ஷிம்மோ (மெல்லிசு தகடு) ஸ்க்ரூவோ வச்சு அட்ஜஸ்ட் பண்ற இன்ஜின்ல வால்வ் சீட் தேயத் தேய எக்ஸாஸ்ட் கேப் இறுகிரும், வால்வ் முழுசா மூடாது, கம்ப்ரஷன் விழும். இத சீக்கிரமா பிடிச்சா ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு இலைங்க) வச்சு அரை நாள்ல சரியாகுற வேலை. அப்படியே விட்டா வால்வ் ஓரம் எரிஞ்சு பிறை மாதிரி கடிபட்டுப் போகும், அப்புறம் ஹெட்ட இறக்காம முடியாது. கேஸ்ல ஓடுற வண்டிங்கள்ல இது இன்னும் அடிக்கடி வரும்.

ஹெட் இறங்கினா உள்ள வர செலவுங்க வரிசையா வரும். பழைய எக்ஸாஸ்ட் ஸ்டட் (புகை போற பைப்ப ஹெட்டோட பிடிக்கிற போல்ட்) ஒடையும், அத டிரில் போட்டு எடுக்கணும். நிறைய மாடல்ல ஹெட் போல்ட் ஒரு தடவதான், இறுக்கும்போதே நீளுற போல்ட், திரும்ப போடக்கூடாது. ஹெட் வளைஞ்சிருக்கான்னு நேர் பட்டையும் ஃபீலர் கேஜும் வச்சுப் பாக்கணும், சின்ன ஹெட்டுக்கு 0.05 மில்லிமீட்டர் தாண்டினாலே பெரும்பாலும் ஃபேஸிங் (ஹெட்டோட அடிப்பரப்ப சமமா சீவுறது) போடச் சொல்லும் மேனுவல். ஃபேஸிங் போடப் போட கம்ப்ரஷன் ரேஷியோ ஏறும், அளவுக்கு மீறி சீவினா நாக்கிங் வரும், அதனால லேத்ல குறைஞ்சபட்சம் சீவச் சொல்லணும். ஓவர் ஹீட் ஆன ஹெட்டுனா விரிசல் டெஸ்ட் பண்ணாம ஒரு பைசா செலவழிக்காதீங்க. டைமிங் பெல்ட், டென்ஷனர், தெர்மோஸ்டாட், முடிஞ்சா வாட்டர் பம்ப் எல்லாம் இதே கூலிலயே மாத்திரலாம், விட்டா அடுத்த வருஷம் அதே எடத்த திரும்ப பிரிக்கணும்.

இங்க ஒரு எச்சரிக்கை. ரிங் தேஞ்ச இன்ஜின்ல "இப்போதைக்கு ஹெட் வேலை மட்டும் பாத்துக்கலாம்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. மேல் பக்கம் டைட்டானா கீழ இருக்கிற குறை போகாது, ஆயில் குடிக்கிறதும் அப்படியேதான் இருக்கும், ஆறு மாசத்துல அதே கேஸ்கட்ட திரும்பவும் வாங்குவீங்க.

வழி 3: முழு ஓவர்ஹால்

எல்லா சிலிண்டரும் கம்மி, ஆயில் விட்டா ஏறுது, லோடுல விடாம புகை, ஆயில் மூடிய கழட்டினா ரயில் மாதிரி புகைய தள்ளுதுன்னா கீழ்ப் பக்கம் தேஞ்சிருக்கு. இதுல ரெண்டு விதம் இருக்கு, இந்த ரெண்டையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்காமத்தான் அதிகமா ஏமாறுறாங்க: ரிங் மட்டும் மாத்துறது, போர் பண்ணி (சிலிண்டர கொஞ்சம் பெருசா கடைஞ்சு) பிஸ்டனோட மாத்துறது.

என் முதல் கார் 796 சிசி, மூணு சிலிண்டர். ஒரு ஒர்க் ஷாப்ல "சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு, ரிங் போட்டா போதும்"னாங்க. கண்ணால பாத்து சொன்னதுதான், யாரும் அளக்கல. ரிங் போட்டாங்க, 4,000 கிலோமீட்டர் ஓடறதுக்குள்ள அதே புகை திரும்ப வந்துச்சு. ரெண்டாவது தடவ வேற ஆள்கிட்ட ஹெட்ட இறக்கினப்ப அவர் என் விரலப் பிடிச்சு சிலிண்டரோட மேல் ஓரத்துல வச்சு "நகத்தால கீழ இருந்து மேல இழுத்துப் பாருங்க"ன்னார். ஒரு எடத்துல நகம் டக்குனு தட்டி நின்னுச்சு. ரிங் போய் வர்ற எடம் வரைக்கும் சுவர் தேஞ்சு உள்ள போயிருக்கு, அதுக்கு மேல ரிங் தொடாத எடம் பழைய அளவுலயே படி மாதிரி நிக்குது. கீழ சுவர் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, பாக்க அழகா இருக்கு, ஆனா அப்படி இருக்கவே கூடாது. ஆயில் தங்குறதுக்கு குறுக்கும் நெடுக்குமா ஹோனிங் கோடு (கல்லால தேய்ச்சுப் போடுற மெல்லிசு கீறல்) இருக்கணும், அது ஒன்னு கூட மிச்சம் இல்ல. அளந்தா சிலிண்டர் வட்டமாவே இல்ல, கோழி முட்டை மாதிரி ஒரு பக்கம் நீண்டிருந்துச்சு. வட்டமான புது ரிங்க கொண்டு போய் வட்டம் இல்லாத ஓட்டைல போட்டா எப்படி ஒட்டும். அதுவும் இல்லாம புது மேல் ரிங்கோட ஓரம் கூர்மையா இருக்கும், அந்தப் படில முட்டி உடையவும் செய்யும். என்னோடதுல ஒரு ரிங் ஒடஞ்சுதான் கிடந்துச்சு. அந்த முதல் கூலி, கேஸ்கட், ஆயில், வண்டி நின்ன நாள், எல்லாமே போச்சு.

அதனால சிலிண்டரோட உள் அளவு காட்டுற போர் கேஜ் வச்சு மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துலயும் ரெண்டு திசைலயும் அளந்து நம்பர எழுதித் தரச் சொல்லுங்க. தேய்மானம் மேனுவல் எல்லைக்குள்ள இருந்தா ஹோனிங் போட்டு ரிங் மட்டும் போடலாம், நிஜமாவே போதும். தாண்டிட்டா 0.25 இல்ல 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன். முதல்ல பிஸ்டன் செட் கைக்கு வரட்டும், அந்த பிஸ்டன அளந்து அதுக்கு ஏத்த மாதிரி போர் பண்ணச் சொல்லுங்க. போர் பண்ணிட்டு பிஸ்டன் கிடைக்காம பிளாக்க வச்சுக்கிட்டு அலையறவங்க இருக்காங்க.

இன்னொன்னு, லேத்ல இருந்து வந்த பிளாக்க வெறும் பெட்ரோலாலயோ மண்ணெண்ணெயாலயோ கழுவி அப்படியே மாட்டுறது தப்பு. ஹோனிங் கல்லோட பொடி சுவத்து கோடுக்குள்ளயே உக்காந்திருக்கும், அது வெளிய வராது. சுடுதண்ணில சோப்பு போட்டு பிரஷ்ஷால தேய்க்கணும், காயவச்சு லேசா ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால தொடைக்கணும், துணி சாம்பல் கலர்ல வந்தா திரும்ப தேய்க்கணும். எனக்கு ரெண்டாவது தடவ வேலை பாத்தவர் அஞ்சு தடவ தேய்ச்சார், ஆறாவது துணி வெள்ளையா வந்த பிறகுதான் ஆயில் தடவி மூடி வச்சார். நல்ல ஆள்னு எனக்கு அப்பத்தான் நம்பிக்கை வந்துச்சு.

மறைஞ்ச செலவு இங்கதான் அதிகம். பேரிங், கிராங்க் கிரைண்டிங், ஆயில் பம்ப், சீல் எல்லாம், மவுண்ட், கிளட்ச் பிளேட், பழைய ரேடியேட்டர் அடைச்சிருந்தா அதுவும். புது இன்ஜின அடைச்ச ரேடியேட்டரோட ஓட்டினா திரும்ப ஹெட் வளையும். ரெண்டு மூணு வாரம் வண்டி இல்லாம இருக்கணும். முதல் 1000 கிலோமீட்டர் ஒரே வேகத்துல ஓட்டாம, ரொம்ப இழுக்காம, அதுக்காக தடவித் தடவியும் ஓட்டாம, மிதமா ஏத்தி இறக்கி ஓட்டணும், அப்பத்தான் ரிங் உக்காரும். முதல் ஆயில 500ல இருந்து 1000 கிலோமீட்டருக்குள்ள மாத்திரணும்.

வருஷத்துக்கு நிறைய ஓட்டுறீங்க, பாடி நல்லா இருக்கு, இன்னும் அஞ்சு ஆறு வருஷம் வச்சுக்கப் போறீங்கன்னா இத விட நல்ல வழி கிடையாது. அடுத்த வருஷம் விக்கலாம்னு இருந்தா வேண்டாம், போட்ட காசு விலைல திரும்ப வராது.

வழி 4: பழைய இன்ஜின் வாங்கி மாத்துறது

கனெக்டிங் ராட் ஒடஞ்சு பிளாக்ல ஓட்டை விழுந்திருச்சு, பிளாக் விரிசல், கிராங்க் திரும்ப கிரைண்டிங் போட முடியாத அளவுக்கு தேஞ்சிருச்சுன்னா இதுதான் வழி. வேகமா முடியும், நாலஞ்சு நாள்ல வண்டி ரோட்டுக்கு வந்துரும். ஆனா நீங்க வாங்குறது இன்னொருத்தரோட பராமரிப்ப, அது எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது.

வாங்கும்போது பேச்ச நம்பாம கம்ப்ரஷன் அளக்க விடச் சொல்லுங்க, ஸ்டார்ட்டர் மோட்டரும் பேட்டரியும் இருந்தா தரைல வச்சே அளக்கலாம். ஆயில் மூடிக்கு அடில பாருங்க, வெண்ணெய் மாதிரி கொழகொழன்னு ஒட்டியிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கலாம், தார் மாதிரி கருப்பு கட்டி இருந்தா ஆயில் மாத்தாம ஓட்டின வண்டி. தண்ணி பைப் மாட்டுற வாய்ல விரல விட்டுப் பாருங்க, துருவா வந்தா வெறும் தண்ணி ஊத்தி ஓட்டியிருக்காங்க. கையால கிராங்க சுத்தினா சமமா கனம் தெரியணும்.

வெளிய இருக்கும்போதே டைமிங் பெல்ட், முன் பின் கிராங்க் சீல், வாட்டர் பம்ப், கிளட்ச் மாத்திரணும், இந்தக் கணக்க யாரும் முதல்ல சொல்ல மாட்டாங்க. சென்சார் கனெக்டர், ஃப்ளைவீல், மவுண்ட் எல்லாம் ஒரே மாடல்லயே வருஷத்துக்கு வருஷம் மாறும். இன்ஜின் நம்பர் மாறுறதால ஆவணத்துலயும் மாத்த வேண்டியிருக்கலாம், வித்தவர்கிட்ட பில் வாங்காம வந்துராதீங்க, திருட்டு வண்டி இன்ஜினா இருந்தா சிக்கல் உங்களுக்குத்தான்.

வழி 5: கார விட்டுடறது

அடிப்பகுதி இத்திருந்தா, பார்ட்ஸ் வர்றதே இல்லன்னா, கியர் பாக்ஸும் சேந்து சத்தம் போட்டா விடுங்க. வாங்குறவர்கிட்ட ஆயில் குடிக்குதுன்னு சொல்லியே கொடுங்க, மறைச்சு கொடுத்தா அவர் குடும்பத்தோட ஹைவேல நிப்பார்.

ஒரே பார்வைல

| வழி | அளவு என்ன சொல்லணும் | சொல்லாத செலவு | வண்டி நிக்கிறது |
|---|---|---|---|
| ஊத்தி ஓட்டுறது | கம்ப்ரஷன் சமம், 1000க்கு 400 மில்லி வரை, கம்மி ஓட்டம் | பிளக், கன்வர்ட்டர், சென்சார், ஒரு வாரம் மறந்தா கிராங்க் | இல்ல |
| ஹெட் வேலை | ஆயில் விட்டும் ஏறல, ஒரு சிலிண்டர் மட்டும் விழுந்திருக்கு | ஸ்டட், ஹெட் போல்ட், ஃபேஸிங், டைமிங் பெல்ட் | 3ல இருந்து 5 நாள் |
| ரிங் மட்டும் | ஆயில் விட்டா ஏறுது, போர் அளவு எல்லைக்குள்ள | அளக்காம போட்டா எல்லாமே திரும்ப | 1 வாரம் |
| போர், பிஸ்டன் | ஆயில் விட்டா ஏறுது, போர் எல்லைய தாண்டிருச்சு | கிராங்க், ஆயில் பம்ப், ரேடியேட்டர், கிளட்ச் | 2ல இருந்து 3 வாரம் |
| பழைய இன்ஜின் | பிளாக்கோ கிராங்கோ தேறாது | சீல், பெல்ட், கிளட்ச், ஆவணம் | 4, 5 நாள் |

அந்த மூணு பேருக்கு என்ன ஆச்சு

முதல் ஆள், என் மாமா பையன். அவன் காரோட பிசிவி வால்வ ஆட்டினா சத்தமே இல்ல, டாப்பெட் கவர் ஓரமும் ஈரம். கம்ப்ரஷன் 155, 150, 155. பிசிவி வால்வையும் கேஸ்கட்டையும் மாத்தி 1000 கிலோமீட்டர் ஓட்டி அளந்தோம், 200 மில்லிக்கும் கீழதான் போகுது. "இன்ஜின் முடிஞ்சிருச்சு"ன்னு சொன்னது இந்த காரத்தான்.

ரெண்டாவது, கூட வேலை பாக்குற அக்கா. நாலு சிலிண்டர், மூணு நல்லா இருக்கு, ஒன்னு மட்டும் 90, ஆயில் விட்டாலும் அசையல. டாப்பெட் கேப் பாத்தா அந்த எக்ஸாஸ்ட்ல ஃபீலர் கேஜ் இலை உள்ளயே போகல. கேப் வச்ச பிறகும் நம்பர் பாதிதான் ஏறுச்சு, அதனால ஹெட் இறங்குது, வால்வ் ஒன்னு மாத்தணும், கூடவே சீல் எல்லாம். அவங்களுக்கு நான் சொன்னது ஒன்னுதான், ஹெட் போல்ட் புதுசா வந்திருக்கான்னு பெட்டிய திறந்து நீங்களே பாத்துருங்கன்னு.

மூணாவது நண்பன்தான் இன்னும் யோசிக்கிறான். மூணு சிலிண்டரும் 100 பக்கம், ஆயில் விட்டா 150ஐ தாண்டுது, 1000க்கு 900 மில்லி. வருஷத்துக்கு 12,000 ஓட்டுறான், பாடில துரு இல்ல. எனக்குப் பாத்தா போர் பண்ற கார்தான் அது, ஆனா அவன் மாடலுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் செட் வருமான்னு இன்னும் பதில் வரல. செட் வந்தா பிரிப்போம்னு பேசி வச்சிருக்கோம், வரலன்னா நல்ல பழைய இன்ஜின் தேட ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை டிப்ஸ்டிக் பாத்து கிலோமீட்டரையும் ஊத்தின மில்லியையும் டேஷ்போர்டுல இருக்கிற சின்ன நோட்டுல எழுதிட்டு வர்றான்.